லூயிஸ் ஹைனின் தொழிலாளர் ஒளிப்படங்கள்

லூயிஸ் ஹைனின் தொழிலாளர் ஒளிப்படங்கள் என்பவை, அமெரிக்க ஆசிரியரும் ஒளிப்படக் கலைஞருமான லூயிஸ் விக்ஸ் ஹைன் (செப்டம்பர் 26, 1874 - நவம்பர் 3, 1940) தொழிற்சாலைகள், சுரங்கங்கள், வயல்கள், தெருக்கள், கட்டுமானத் தளங்கள் ஆகியவற்றில் வேலை செய்தவர்களை எடுத்த ஒளிப்படங்களின் தொகுதி ஆகும். இவற்றுள் 1908 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக எடுக்கப்பட்ட படங்களும், 1930-31 இல் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்தபோது எடுக்கப்பட்ட படங்களும் பரவலாக அறியப்பட்டவை.

ஹைனின் குழந்தைத் தொழிலாளர் படங்கள் ஒளிப்படத்தைச் சான்றாகப் பயன்படுத்தியதற்கு முதன்மையான எடுத்துக்காட்டாகக் கருதப்படுகின்றன. ஒவ்வொரு படத்துடனும் அதில் உள்ளவரின் பெயர், வயது, வேலை, வேலை நேரம், கூலி போன்ற விவரங்களை அவர் இயன்றவரை எழுதிவைத்தார். படமும் குறிப்பும் சேர்ந்தே அவற்றின் வலிமையை உண்டாக்கின.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் தொழிற்சாலைகள் விரைவாகப் பெருகின. 1900 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 15 வயது வரையான சிறுவர் சிறுமியருள் சுமார் 17.5 இலட்சம் பேர் கூலி வேலையில் இருந்தனர். இது அந்த வயதினரில் ஆறில் ஒரு பங்கிற்கும் அதிகமாகும். பத்து வயதுக்குக் குறைந்தவர்கள் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. சில மாநிலங்களில் குறைந்தபட்ச வயதுச் சட்டங்கள் இருந்தபோதிலும், பெற்றோர் சொல்லும் வயதே ஏற்றுக்கொள்ளப்பட்டதால் அவை பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றன.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் 1904 இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு நிறுவப்பட்டது. அறிக்கைகளும் புள்ளிவிவரங்களும் மட்டும் மக்களை அசைக்கப் போதுமானவை அல்ல என்பதை இக்குழுவினர் விரைவில் உணர்ந்தனர். ஒளிப்படங்களை நாளிதழ்களிலும் மாத இதழ்களிலும் நேரடியாக அச்சிடும் முறை 1890களில் பரவியிருந்தது. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளைப் பற்றி ஜேக்கப் ரீஸ் 1890 இல் வெளியிட்ட நூல், சமூகச் சீர்திருத்தத்திற்கு ஒளிப்படம் உதவும் என்பதை ஏற்கனவே காட்டியிருந்தது.

ஹைனின் தொடக்க காலம்

ஹைன் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ஓஷ்கோஷ் என்னும் ஊரில் பிறந்தார். 1892 இல் தந்தை இறந்ததால் இளவயதிலேயே வேலைக்குச் செல்ல நேர்ந்தது. மெத்தை தைத்த நாற்காலிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நாளொன்றுக்கு 13 மணி நேரம், வாரத்தில் ஆறு நாட்கள், வாரம் 4 டாலர் கூலிக்கு உழைத்தார். பின்னாளில் தாம் படமெடுத்த மக்களின் வாழ்க்கையை அவர் வெளியிலிருந்து மட்டும் அறிந்தவர் அல்லர்.

1901 இல் நியூயார்க் சென்று எத்திக்கல் கல்ச்சர் பள்ளியில் ஆசிரியரானார். அப்பள்ளியின் தலைவர் பிராங்க் மேனி, கற்பித்தலுக்குத் துணையாக ஒளிப்படம் எடுக்குமாறு அவரைத் தூண்டினார். 1904 முதல் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளை ஹைன் படமெடுத்தார். மொழி தெரியாத, களைத்துப்போன மனிதர்களிடம் சைகையால் இசைவு பெற்று, நெரிசலுக்கு நடுவே அவர்களைச் சற்று நேரம் அசையாமல் நிற்கச் செய்து படமெடுக்கும் பயிற்சி அங்கேதான் அவருக்குக் கிடைத்தது.

பிட்ஸ்பர்க் ஆய்வு

1907 இல் தொடங்கிய பிட்ஸ்பர்க் ஆய்வு, ஒரு தொழில் நகரத்தின் வாழ்க்கையை முழுமையாக ஆராய முயன்ற முன்னோடித் திட்டமாகும். ரசல் சேஜ் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் பால் கெல்லாக் இதனை வழிநடத்தினார். எஃகு ஆலைத் தொழிலாளர்கள் அங்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை செய்தனர். பகல் முறையும் இரவு முறையும் மாறும் நாளில் தொடர்ந்து 24 மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. இவ்வாய்வின் பகுதியாகக் கிறிஸ்டல் ஈஸ்ட்மன் திரட்டிய விவரங்களின்படி, பிட்ஸ்பர்க் அமைந்துள்ள அலெகெனி மாவட்டத்தில் மட்டும் 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரையான ஓராண்டில் 526 பேர் வேலையின்போது இறந்தனர்.

ஹைன் இத்திட்டத்திற்காகத் தொழிலாளர்களின் முகங்களையும், குடியிருப்புகளையும், வேலையில் உறுப்பிழந்தவர்களையும் படமெடுத்தார். அவை 1909 முதல் 1914 வரை வெளிவந்த ஆறு தொகுதிகளில் புள்ளிவிவரங்களுடன் சேர்த்து அச்சிடப்பட்டன. எண்ணிக்கையும் முகமும் ஒரே பக்கத்தில் நிற்கும் இந்த அமைப்பு அவருடைய பிற்காலப் பணிக்கு அடித்தளமாயிற்று.

குழந்தைத் தொழிலாளர் படங்கள்

1908 இல் ஆசிரியர் வேலையை விட்ட ஹைன், தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் முழுநேர ஒளிப்படக் கலைஞராகவும் புலனாய்வாளராகவும் சேர்ந்தார். தென் மாநிலப் பஞ்சாலைகள் முதல் வடகிழக்கின் சுரங்கங்கள் வரை நாடெங்கும் பயணம் செய்தார். அவர் படமெடுத்த தொழில்களுள் முக்கியமானவை பின்வருமாறு:

நூற்பாலைகள்: சிறுமியர் நீண்ட நூற்பு இயந்திரங்களின் நடுவே நாள் முழுதும் நடந்து, அறுந்த இழைகளை ஒட்டினர். சிறுவர்கள் நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றி வெற்றுக் கண்டுகளை மாட்டினர். 1909 ஜனவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் எடுக்கப்பட்ட ஒரு படத்தில், உயரம் போதாத சிறுவர்கள் ஓடும் இயந்திரத்தின் சட்டத்தின் மீதே ஏறி நிற்கின்றனர்.

நிலக்கரிச் சுரங்கங்கள்: பென்சில்வேனியாவில் வெட்டியெடுத்த நிலக்கரியை உடைத்துப் பிரிக்கும் கட்டடங்களில், சரிவான தொட்டிகளின் மேல் பலகைகளில் சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தனர். காலுக்கடியில் உருண்டோடும் கரியிலிருந்து கற்களைக் கையால் பொறுக்குவது அவர்கள் வேலை. விரல்கள் வீங்கி வெடித்தன. தூசி மூச்சை அடைத்தது. 1911 ஜனவரியில் தெற்குப் பிட்ஸ்டனில் எடுத்த படத்தின் குறிப்பில், சில வேளைகளில் எதிரில் இருப்பதே தெரியாத அளவுக்குத் தூசி அடர்ந்திருந்ததாக ஹைன் எழுதியுள்ளார்.

கண்ணாடித் தொழிற்சாலைகள்: உலை அணையாமல் எரிய வேண்டியிருந்ததால் இரவிலும் வேலை நடந்தது. சூடான புட்டிகளைச் சிறுவர்கள் உலைக்கும் ஆற்றும் அறைக்கும் இடையே சுமந்தோடினர். 1908 இல் இந்தியானா மாநிலத்தில் நள்ளிரவில் எடுத்த படங்கள் இவற்றைக் காட்டுகின்றன.

கடலுணவுத் தொழில்: மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஆளி ஓட்டை உடைக்கும் வேலையும் இறால் உரிக்கும் வேலையும் விடியுமுன் தொடங்கின. ஐந்தாறு வயதுக் குழந்தைகளும் தாயருகே நின்று வேலை செய்தனர். இறாலிலிருந்து கசியும் நீர் கைத்தோலை அரித்தது.

தெருவும் வீடும்: செய்தித்தாள் விற்ற சிறுவர்கள், இரவில் தந்தி கொண்டுசென்ற சிறுவர்கள், நியூயார்க்கின் நெரிசலான வீடுகளில் சமையல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து செயற்கைப் பூக்கள் கட்டிய குடும்பங்கள் ஆகியோரையும் ஹைன் படமெடுத்தார்.

படமெடுத்த முறை

கருவியும் ஒளியும்

ஹைன் 5 x 7 அங்குலக் கண்ணாடித் தட்டுகளைப் பயன்படுத்தும் பெட்டி வடிவப் படக்கருவியையும் மர முக்காலியையும் கையாண்டார். அக்காலத்துத் தட்டுகள் ஒளியுணர்வு குறைந்தவை. ஆலைகளின் உட்புறம் இருண்டது. எனவே இருண்ட இடங்களில் மக்னீசியத் தூளைத் தட்டில் வைத்துக் கொளுத்தி, கணநேரப் பேரொளியை உண்டாக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் புகை கிளம்பியது. அதன் பிறகு தட்டை மாற்றிப் புதிதாகத் தூள் வைக்க வேண்டும். ஆகவே ஓரிடத்தில் சில படங்களே எடுக்க முடிந்தது.

இந்தக் கட்டுப்பாடே படங்களின் தோற்றத்தைத் தீர்மானித்தது. இத்தகைய கருவியால் ஒருவர் அறியாமல் அவரைப் படமெடுப்பது எளிதன்று. சிறுமி வேலையைச் சற்றே நிறுத்தி, இயந்திரத்தில் ஒரு கையை வைத்தபடி, படக்கருவியை நேராகப் பார்க்கிறாள். கருவியைக் குழந்தையின் கண்மட்டத்திற்குத் தாழ்த்தி வைப்பது ஹைனின் வழக்கம். இதனால் பார்வையாளர் குழந்தையைக் குனிந்து பார்ப்பதில்லை. எதிரே நின்று பார்க்கிறார். பின்னணியில் நூற்பு இயந்திரத்தின் வரிசை முடிவில்லாமல் நீண்டு செல்வதால் ஆலையின் பேரளவும் குழந்தையின் சிற்றளவும் ஒரே பார்வையில் புலப்படுகின்றன.

உள்ளே நுழைதல்

ஆலை உரிமையாளர்கள் அவரை விரும்பி வரவேற்கவில்லை. தீயணைப்புப் பாதுகாப்பு ஆய்வாளர், அஞ்சலட்டை வணிகர், விவிலியம் விற்பவர், இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர் எனப் பல வேடங்களில் அவர் உள்ளே சென்றார். இயந்திரத்தின் அளவைக் காட்ட ஒருவர் அருகில் நிற்கட்டும் என்று சொல்லிக் குழந்தையை நிறுத்திப் படமெடுத்ததும் உண்டு. உள்ளே விடாத இடங்களில் விடியற்காலையிலும் மதிய இடைவேளையிலும் வேலை முடியும் நேரத்திலும் வாயிலில் காத்திருந்து, வெளியே வருபவர்களைக் குழுவாக நிறுத்திப் படமெடுத்தார்.

அளவெடுத்தல்

குழந்தையின் உயரத்தை அறிய ஹைன் தம் மேலாடைப் பொத்தான்களைப் பயன்படுத்தினார். தரையிலிருந்து ஒவ்வொரு பொத்தானும் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை முன்பே அளந்து வைத்திருந்ததால், குழந்தை அருகில் நின்றவுடன் உயரம் தெரிந்துவிடும். பேச்சுக் கொடுத்து வயதையும் கூலியையும் கேட்டறிந்து, சட்டைப்பைக்குள் கைவிட்டவாறே குறிப்பெடுத்தார். இயன்ற இடங்களில் குடும்ப விவிலியத்தில் எழுதப்பட்டிருந்த பிறந்தநாள், காப்பீட்டுத் தாள்கள் முதலியவற்றைப் பார்த்து வயதைச் சரிபார்த்தார்.

படக்குறிப்புகள்

ஹைனின் படக்குறிப்புகள் படங்களுக்கு இணையான முக்கியத்துவம் கொண்டவை. 1908 இல் தென் கரோலினாவின் லங்காஸ்டர் நகரப் பஞ்சாலையில் எடுத்த படம் ஒன்று, நூற்பு இயந்திரத்தின் முன் நிற்கும் சிறுமியைக் காட்டுகிறது. அவளுடைய உயரம் 48 அங்குலம், அதாவது நான்கு அடி, என்றும் அவள் அரையாண்டாக வேலை செய்கிறாள் என்றும் குறிப்பு கூறுகிறது. படத்தை மட்டும் பார்ப்பவர், சிறுமி வேலை செய்யும் தாயைப் பார்க்க வந்தவள் என்றோ ஒரு நாள் உதவிக்கு வந்தவள் என்றோ எண்ண இடமுண்டு. குறிப்பு அந்த ஐயத்திற்கு இடமளிப்பதில்லை.

இத்தகைய துல்லியத்திற்குக் காரணம் இருந்தது. படங்கள் போலியானவை, குழந்தைகள் வேலை செய்யவில்லை, அவர்கள் வயதில் மூத்தவர்கள் என்றெல்லாம் உரிமையாளர்கள் மறுக்கக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1909 இல் பஃபலோ நகரில் நிகழ்த்திய உரையில், ஒளிப்படத்தை மக்கள் எளிதில் நம்பிவிடுவதாலேயே அதனைக் கொண்டு பொய் சொல்வோரும் இருப்பர் என்று எச்சரித்த அவர், சமூகப் பணிக்குப் பயன்படும் படத்தில் அத்தகைய தீமை புகாமல் காக்க வேண்டும் என வலியுறுத்தினார். குழந்தை ஒரு வயதைச் சொல்ல, அருகிலிருந்தோர் வேறு வயதைச் சொன்னால் இரண்டையும் எழுதினார்.

படங்கள் சிறு நூல்கள், சுவரொட்டிகள், கண்காட்சிப் பலகைகள், விளக்கொளிப் படக்காட்சிகள், தி சர்வே போன்ற இதழ்கள் ஆகியவற்றின் மூலம் மக்களைச் சென்றடைந்தன. சுவரொட்டிகளின் அமைப்பிலும் ஹைன் பங்கேற்றார். நலமான குழந்தைகளை மூலப்பொருளாகவும், ஆலையில் உழைத்து வாடிய குழந்தைகளை உற்பத்திப் பொருளாகவும் காட்டிய சுவரொட்டி இவற்றுள் பெயர்பெற்றது.

சட்டத்தில் ஏற்பட்ட விளைவுகள்

ஹைனின் படங்கள் குழந்தைத் தொழிலை ஒழித்தன என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. உண்மையில் சட்டமாற்றம் நீண்டதும் தடைகள் மிகுந்ததுமான வழியில் நிகழ்ந்தது.

1912 - குழந்தைகளின் நிலையை ஆராயக் கூட்டரசின் குழந்தைகள் துறை அமைக்கப்பட்டது. ஜூலியா லாத்ராப் அதன் முதல் தலைவரானார்.

1916 - கீட்டிங்-ஓவன் சட்டம் நிறைவேறியது. 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கும் ஆலைகளின் பொருட்களையும், 16 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கும் சுரங்கங்களின் பொருட்களையும் மாநிலங்களுக்கிடையே விற்பதை அது தடுத்தது.

1918 - உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் இச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. வட கரோலினாவின் சார்லட் நகரப் பஞ்சாலையில் வேலை செய்த சிறுவர்களின் தந்தையே இவ்வழக்கைத் தொடுத்தவர்.

1919 - குழந்தைகளை வேலைக்கு வைக்கும் நிறுவனங்களின் இலாபத்தின் மீது 10 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 1922 இல் இதுவும் செல்லாததாயிற்று.

1924 - நாடாளுமன்றம் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை ஏற்றது. ஆனால் போதிய மாநிலங்கள் அதனை உறுதிசெய்யவில்லை.

1938 - நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் நிறைவேறியது. பொதுவாகக் குறைந்தபட்ச வயது 16 எனவும், ஆபத்தான தொழில்களில் 18 எனவும் ஆயிற்று. 1941 இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றது. எனினும் வேளாண்மைக்குப் பெருமளவு விலக்கு அளிக்கப்பட்டது.

ஆகவே ஹைன் முதற்படங்களை எடுத்ததற்கும் நிலைத்த சட்டம் வருவதற்கும் இடையே 30 ஆண்டுகள் கழிந்தன. கட்டாயக் கல்வி, சிறுவர்களின் வேலையை ஏற்ற புதிய இயந்திரங்கள், பொருளியல் பெருமந்தத்தின்போது பெரியவர்களுக்கே வேலை இல்லாமற்போன நிலை ஆகியவையும் குழந்தைத் தொழில் குறையக் காரணங்களாயின. ஒளிப்படங்கள், குழந்தைத் தொழில் நடப்பதில்லை என்று சொல்ல இயலாத நிலையை உருவாக்கின. சட்டத்தைக் கொண்டுவந்தது அரசியல் போராட்டமே.

வேலையின் உருவப்படங்கள்

முதல் உலகப் போரின் இறுதியில் ஹைன் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்திற்காக ஐரோப்பா சென்று அகதிகளின் நிலையைப் படமெடுத்தார். நாடு திரும்பிய பின் அவருடைய நோக்கு மாறியது. துன்பத்தை மட்டுமன்றித் தொழிலாளரின் திறமையையும் காட்ட வேண்டும் எனக் கருதினார். நாகரிகத்தின் பொருட்கள் யாவும் இயந்திரங்களால் தாமாக உண்டாகின்றன என்னும் எண்ணம் பரவியிருந்த காலத்தில், இயந்திரத்திற்குப் பின்னால் மனிதக் கையும் மூளையும் இருப்பதை நினைவூட்டுவது அவர் நோக்கமாயிற்று. இப்படங்களை அவர் வேலையின் உருவப்படங்கள் என வகைப்படுத்தினார்.

1920 இல் எடுத்த மின்நிலையத் தொழிலாளியின் படம் இவற்றுள் மிகவும் அறியப்பட்டது. நீராவி எக்கியின் வட்ட விளிம்பை ஒட்டி முதுகு வளைந்து, பெரிய திருகு சாவியால் மரையை முறுக்கும் இளைஞரை அது காட்டுகிறது. இது திட்டமிட்டு நிலைப்படுத்தி எடுக்கப்பட்ட படமாகும். உழைப்பின் பெருமையைக் காட்டும் படம் என்று சிலரும், இயந்திரத்தின் வடிவத்திற்கேற்ப மனிதன் வளைக்கப்படுவதைக் காட்டும் படம் என்று வேறு சிலரும் இதற்குப் பொருள் கூறுவர். முந்தைய காலப் படங்களில் காணப்பட்ட கூலி, வேலை நேரம் ஆகிய குறிப்புகள் இதனுடன் இல்லை.

எம்பயர் ஸ்டேட் கட்டடம்

1930 இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கட்டுமானத்தைப் பதிவுசெய்யும் பொறுப்பு ஹைனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1930 மார்ச் 17 அன்று தொடங்கிய வேலை 410 நாட்களில் முடிந்து, 1931 மே 1 அன்று 102 தளங்களுடன் கட்டடம் திறக்கப்பட்டது. ஒரே நாளில் 3,400 பேர் வரை அங்கு வேலை செய்தனர். எஃகு உத்திரங்களைப் பொருத்தியவர்களுள் கனடாவின் ககனவாக்கேயைச் சேர்ந்த மோகாக் பழங்குடியினரும் இருந்தனர்.

அப்போது ஐம்பத்தைந்து வயதைக் கடந்திருந்த ஹைன், தொழிலாளர்களுடன் சேர்ந்து தளம் தளமாக ஏறினார். உச்சிப் பகுதியைப் படமெடுக்க, பாரந்தூக்கியில் கட்டித் தெருவுக்கு மேலே தொங்கவிடப்பட்ட கூடையில் அமர்ந்தார். வடக்கயிற்றைப் பற்றியபடி ஆகாயத்தில் மிதப்பவர்போல் தோன்றும் இளைஞரின் படத்திற்கு, கிரேக்கத் தொன்மத்தில் வரும் இக்காரசின் பெயர் வழங்குகிறது. இப்படங்கள் பலவற்றைச் சேர்த்து 1932 இல் சிறுவர்களுக்கான மென் அட் ஒர்க் என்ற நூலை அவர் வெளியிட்டார்.

இப்பணியில் அவரை அமர்த்தியவர்கள் கட்டட உரிமையாளர் தரப்பினர் என்பது கவனிக்கத்தக்கது. படங்கள் விளம்பரத்திற்கும் பயன்பட்டன. அதிகாரப்பூர்வக் கணக்கின்படி கட்டுமானத்தில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர். அவ்விறப்புகளைப் பற்றி இப்படங்கள் எதுவும் சொல்வதில்லை. தொழிலாளரின் துணிவைக் காட்டும் படம், அத்துணிவு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியை எழுப்பாமலும் போகலாம் என்பதற்கு இவை சான்றாகக் காட்டப்படுகின்றன.

தவறாக வழங்கும் படம்

உயரத்தில் ஓர் எஃகு உத்திரத்தின் மீது 11 தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து மதிய உணவு உண்ணும் புகழ்பெற்ற படம், பலராலும் ஹைன் எடுத்ததாகக் கருதப்படுகிறது. இது தவறாகும். அப்படம் 1932 செப்டம்பர் 20 அன்று நியூயார்க்கின் ராக்கபெல்லர் மையத்தில், ஆர்.சி.ஏ. கட்டடத்தின் 69 ஆம் தளத்தில் விளம்பரத்திற்காக ஏற்பாடு செய்து எடுக்கப்பட்டது. உத்திரத்தில் இருந்தவர்கள் உண்மையான கட்டுமானத் தொழிலாளர்களே. 2003 இல் சார்லஸ் எப்பெட்ஸ் எடுத்ததாக அறிவிக்கப்பட்டபோதிலும், அன்று அங்கு வேறு ஒளிப்படக் கலைஞர்களும் இருந்ததால் எடுத்தவர் யார் என்பது உறுதியாகவில்லை. அமர்ந்திருந்தவர்களுள் பெரும்பாலோரின் பெயர்களும் உறுதிசெய்யப்படாதவை. உலகமெங்கும் அச்சிட்டு விற்கப்படும் இப்படத்துடன் பெயர்க்குறிப்பு எதுவும் பாதுகாக்கப்படாததே இதற்குக் காரணம்.

கடைசிக் காலமும் படங்களின் நிலையும்

1930களில் ஹைனுக்குப் பணி குறைந்தது. 1936 இல் கூட்டரசின் தேசிய ஆய்வுத் திட்டத்தில் ஒளிப்படக் கலைஞராக இருந்தார். அக்காலத்தில் கிராமப்புற வறுமையைப் படமெடுத்த பண்ணைப் பாதுகாப்பு நிருவாகத்தில் சேர அவர் செய்த முயற்சிகள் பயனளிக்கவில்லை. 1939 இல் பெரனிஸ் ஆபட், எலிசபெத் மெக்காஸ்லண்ட் ஆகியோரின் முயற்சியால் நியூயார்க் ரிவர்சைடு அருங்காட்சியகத்தில் அவர் படங்களின் கண்காட்சி நடைபெற்றது. எனினும் கடனில் வீட்டை இழந்து, 1940 நவம்பரில் வறுமையில் இறந்தார்.

அவருடைய மகன் படங்களையும் தட்டுகளையும் போட்டோ லீக் என்னும் அமைப்பிடம் வழங்கினார். 1951 இல் அவ்வமைப்பு கலைந்தபின் அவை ரோச்செஸ்டர் நகரிலுள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்ல அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. குழந்தைத் தொழிலாளர் குழுவின் தொகுப்பில் உள்ள 5,100க்கும் மேற்பட்ட படங்கள் ஐக்கிய அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. மின்வடிவில் அவற்றை எவரும் பார்க்கலாம்.

வறுமையில் இறந்தவரின் படங்கள் 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருந்தொகைக்கு விற்கப்பட்டன. ஹைனே அச்சிட்டவை என விற்கப்பட்ட சில படங்களின் தாள்களில், 1950களுக்குப் பின்னரே ஒளிப்படத் தாள்களில் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டிப் பொருள் இருப்பது 1990களின் இறுதியில் கண்டறியப்பட்டது. ஒளிப்படத் தாள்களின் காலத்தை ஆராயும் முறைகள் வளர்வதற்கு இது தூண்டுதலாயிற்று.

படத்தில் உள்ளவர்களைத் தேடுதல்

2005 முதல் ஜோ மேனிங் என்ற அமெரிக்க எழுத்தாளர், ஹைன் எழுதிவைத்த பெயர்களைக் கொண்டு குழந்தைத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்களைத் தேடினார். மக்கள்தொகைப் பதிவுகள், இறப்பு அறிவிப்புகள், நகர முகவரி நூல்கள் ஆகியவற்றின் துணையால் சில நூறு பேரின் வாழ்க்கை வரலாறு கண்டறியப்பட்டது. தம் தாயோ பாட்டனோ இவ்வாறு படமெடுக்கப்பட்டதைப் பல குடும்பத்தினர் அப்போதுதான் முதன்முறையாக அறிந்தனர்.

1910 இல் வெர்மான்ட் மாநிலத்தின் வடக்குப் பவுனல் நூற்பாலையில் எடுக்கப்பட்ட சிறுமியின் படம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கந்தலான உடையுடன் இயந்திரத்தில் சாய்ந்து நிற்கும் அச்சிறுமியின் படம் 1998 இல் அமெரிக்க அஞ்சல் தலையில் வெளியிடப்பட்டது. ஆனால் அவளுடைய குடும்பப் பெயர் பிழையாக வழங்கிவந்ததால், அப்பெயரில் அவ்வூரில் எவரும் வாழ்ந்ததற்கான பதிவு கிடைக்கவில்லை. பின்னர் எழுத்தாளர் எலிசபெத் வின்த்ராப் மக்கள்தொகைப் பதிவுகளை ஆராய்ந்து சரியான பெயரைக் கண்டறிந்தார். அப்பெண் தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்து, அஞ்சல் தலை வெளிவருவதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1993 இல் இறந்திருந்தார்.

விமர்சனங்கள்

ஹைனின் பணி பற்றிய விமர்சனங்களுள் சில:

படமெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அப்படம் எதற்குப் பயன்படும் என்பது பல வேளைகளில் சொல்லப்படவில்லை. வேடமிட்டு நுழையாமல் உண்மையை வெளிக்கொணர்ந்திருக்க முடியாது என்பது இதற்கு விடையாகக் கூறப்படுகிறது.

பிரச்சாரத்தில் பெற்றோர் சிலர் சோம்பேறிகளாகவும் பேராசைக்காரர்களாகவும் சித்தரிக்கப்பட்டனர். குழந்தையின் கூலி இல்லாமல் குடும்பம் உண்ண முடியாத நிலை போதிய அளவு விளக்கப்படவில்லை.

தென் மாநிலப் பஞ்சாலைகள் பெரும்பாலும் வெள்ளையரையே வேலைக்கு அமர்த்தியதாலும், சீர்திருத்தக் குழு ஆலைகளில் கவனம் செலுத்தியதாலும், வயல்களிலும் வீடுகளிலும் உழைத்த கறுப்பினக் குழந்தைகள் இத்தொகுப்பில் குறைவாகவே இடம்பெற்றனர். சட்டத்திலும் அத்தொழில்களே விலக்குப் பெற்றன.

பிற்காலத்தில் இப்படங்கள் குறிப்புகளிலிருந்து பிரிக்கப்பட்டு, அழகிய பழைய படங்களாக அஞ்சலட்டைகளிலும் விளம்பரங்களிலும் பயன்படுத்தப்பட்டன. குறிப்பு நீங்கியதும் சான்று அலங்காரமாகிவிடுகிறது என ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுவர்.

இவற்றையும் பார்க்க

குழந்தைத் தொழிலாளர்
ஆவண ஒளிப்படவியல்
ஜேக்கப் ரீஸ்
எம்பயர் ஸ்டேட் கட்டடம்